இருப்பைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், பணப் பரிமாற்ற முறைகளுக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

"எங்கள் இணையதளத்தில் வெளியிட்டுள்ள கட்டண விவரப்படியே தொகை பிடிக்கப்பட்டுள்ளது. எனவே திருப்பித் தர இயலாது."

கடன் தவணை திரும்பியதற்குப் பிடித்த தண்டத்தைத் திருப்பிக் கேட்டபோது, எங்கள் யூனிட்டில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு அவருடைய வங்கி அனுப்பிய பதில் இது. இரண்டே வரி. வங்கி சொல்வது உண்மைதான், எந்த விதியையும் அது மீறவில்லை. அதனால்தான் அந்த வங்கிக்கு மறுபடி எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். பவர் டேபிள், ஓவர்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லோருக்கும் வாரக்கூலி. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் கவரில் போட்டுக் கொடுப்போம். திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருவர் பாஸ்புக்கையோ போனையோ எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார். "இது என்ன பிடித்தம்னு பார்த்துச் சொல்லுங்க." பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கில் பணம் போதாமல் டியூ, அதாவது கடன் தவணை, திரும்பியிருக்கிறது, அதற்குத் தண்டம்.

அந்தச் செக்கிங் அம்மா மகனுக்கு வண்டி வாங்கக் கடன் எடுத்திருக்கிறார். மாதம் 2,650 ரூபாய், 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். கடன் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். வாராவாரம் கூலியில் ஒதுக்கிவைத்து, மாதக் கடைசியில் வங்கி வாசலில் இருக்கும் மெஷினில் பணம் போட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த மாதமும் போட்டிருந்தார். கணக்கில் 2,660 ரூபாய் இருந்ததை நானே பாஸ்புக்கில் பார்த்தேன்.

1ஆம் தேதி வங்கி அதிலிருந்து 17 ரூபாய் 70 காசு எடுத்தது. மூன்று மாதத்துக்கான குறுஞ்செய்திக் கட்டணம் 15 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. மீதி 2,642 ரூபாய் 30 காசு. 5ஆம் தேதி டியூ வந்தபோது 7 ரூபாய் 70 காசு குறைந்தது. டியூ திரும்பியது. அன்றைக்கே வங்கி 295 ரூபாய் பிடித்தது, 250 தண்டம், 45 ஜிஎஸ்டி. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் நிறுவனம் தன் கணக்கில் 500 ரூபாய் பவுன்ஸ் சார்ஜ் ஏற்றியது. அடுத்த வாரம் அதே டியூவை மறுபடி அனுப்பினார்கள். 295 போனபிறகு கணக்கில் 2,347 ரூபாய் 30 காசுதானே இருக்கும்? மறுபடி திரும்பியது. மறுபடி 295, மறுபடி 500. ஆக 1,590 ரூபாய். அவருக்கு அது ஏறக்குறைய நாலு ஷிப்ட் கூலி. ஃபைனான்ஸ் ஆள் வீட்டு வாசலில் வந்து, அக்கம்பக்கம் பார்க்கக் கேட்டபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

"ஏங்கண்ணு, நான் பணம் போட்டுத்தானே வெச்சிருந்தேன்?" என்று கேட்டார். குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆங்கிலத்தில், மகனின் பழைய நம்பருக்கு, எல்லாம் முடிந்த பிறகு. குறுஞ்செய்திக்கென்றே கட்டணம் வாங்கும் வங்கி, "5ஆம் தேதி டியூ வருகிறது, உங்கள் கணக்கில் எட்டு ரூபாய் குறைகிறது" என்ற ஒரே ஒரு செய்தியை முன்கூட்டி அனுப்பியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கணக்கில் பணம் இருக்கிறதா என்று வங்கி பார்க்கவே இல்லை என்றால் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்கிறது. பார்த்துத்தான் டியூவைத் திருப்புகிறது, பார்த்துத்தான் தண்டம் போடுகிறது. காசு கணக்காகத் தெரிந்த ஒரு விவரத்தை வாடிக்கையாளரிடம் முன்னால் சொல்லாமல், பின்னால் தண்டம் போடுவதற்கு மட்டும் பயன்படுத்துவதை நீங்கள் எப்படி அனுமதிக்கிறீர்கள்?

முன்னால் பார்த்துச் சொல்ல வழியில்லை என்று வங்கிகள் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். ஊரில் இன்னும் எல்லோரும் ஈசிஎஸ் என்றே சொன்னாலும், இப்போது இது என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் நடத்தும் நாச் என்ற தானியங்கி வசூல் முறை வழியாகத்தான் நடக்கிறது. கடன் கொடுத்தவர் தன் வங்கி மூலம் வசூல் பட்டியலை அனுப்புகிறார், என்பிசிஐ அதைப் பிரித்து அந்தந்த வங்கிக்குத் தள்ளுகிறது, நம் வங்கி கணக்கில் கை வைக்கிறது. ஆனால் பட்டியல் வரும்போதுதான் நம் வங்கிக்கு விஷயம் தெரியும் என்பதில்லை. ஒவ்வொரு மேன்டேட்டும், அதாவது பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுத்த ஒப்புதலும், தனி எண்ணோடு நம் வங்கியிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. யாருக்கு, அதிகபட்சம் எவ்வளவு, மாதா மாதமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாமே அதில் உண்டு. போன மாதம் என்ன தொகை போனது என்பதும் கணக்கிலேயே இருக்கிறது. முந்தைய நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் இவற்றையும் கணக்கின் இருப்பையும் ஒத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சில வங்கிகள் இப்போதே, "நாளை உங்கள் கணக்கில் டெபிட் வருகிறது, இருப்பு வைத்திருங்கள்" என்று செய்தி அனுப்பத்தான் செய்கின்றன. ஒரு வங்கியால் முடிந்தது எல்லா வங்கியாலும் முடியும். கட்டாயம் இல்லாததால் மற்றவை செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை என் வேலையில் இருப்பதால்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் முதலாளியின் கரண்ட் அக்கவுண்டைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். நூல்கண்டுக் கடைக்கோ மெஷின் கடைக்கோ கொடுத்த செக் வந்து, கணக்கில் கொஞ்சம் குறைந்தால் கிளையிலிருந்து எனக்கு போன் வரும். "மேடம், செக் வந்திருக்கு. இருபதாயிரம் குறையுது. சீக்கிரம் போட்டுருங்க, பாஸ் பண்ணிடறோம்." நான் முதலாளியிடம் சொல்வேன், அவர் எங்கிருந்தாவது புரட்டி அனுப்புவார், செக் பாஸாகிவிடும். காசோலைத் தீர்வு சில மணி நேரத்தில் முடியும்படி நீங்கள் 2025 அக்டோபரில் மாற்றிய பிறகும் அந்த போன் வருகிறது. அது நல்ல பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தொழில் செய்யும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு மேனேஜரைப் பற்றி நன்றியோடு சொல்வார்கள். இருப்பைப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு, அவகாசம் கொடுத்து, பிறகு முடிவெடுப்பது வங்கிகளுக்குப் புதிதல்ல. கேட்பது ஒன்றுதான். இருபதாயிரம் குறைந்த முதலாளிக்குக் கிடைக்கும் அந்த அவகாசம், எட்டு ரூபாய் குறைந்த தொழிலாளிக்கு ஏன் கிடைப்பதில்லை? ஒவ்வொரு தொழிலாளிக்கும் மேனேஜர் போன் செய்ய முடியாது, சரி. மேனேஜர் செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் செய்யட்டும்.

யுபிஐயையும் பாருங்கள். அதே அம்மா, அதே கணக்கு. டீக்கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும்போது கணக்கில் குறைவாக இருந்தால் போதிய இருப்பு இல்லை என்று திரையில் வருகிறது, பணம் போகவில்லை. அவ்வளவுதான். தண்டம் இல்லை. மாதாந்திர டியூவில் அதே பற்றாக்குறைக்கு 295 ரூபாய். வங்கியின் கம்ப்யூட்டர் இரண்டு இடத்திலும் செய்தது ஒரே வேலை. கேட்ட தொகை இல்லை என்று பார்த்து, இல்லை என்று பதில் சொன்னது. முதல் பதிலுக்குச் செலவில்லை, இரண்டாவது பதிலுக்கு 250 ரூபாய் செலவாகிறது என்றால் அந்தச் செலவு எங்கே ஆகிறது என்று வங்கிகளிடம் நீங்கள் கேட்க வேண்டும். சேவைக் கட்டணங்களை வங்கிகளின் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் அவை நியாயமாகவும் அந்தச் சேவைக்கு ஆகும் சராசரிச் செலவை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது நீங்கள் சொன்னதுதானே.

உங்கள் விதிகளை நான் தேடிப் படித்தேன். படித்தபோது கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எனக்கு வேண்டியது எல்லாமே ஏற்கெனவே நீங்கள் எழுதியதாகவே இருக்கிறது, வேறு வேறு இடத்தில்.

குறைந்தபட்ச இருப்பு விஷயத்தில் 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டீர்கள். இருப்பு குறைந்தால் உடனே தண்டம் போடக் கூடாது, முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பத்தான் தண்டம் இருக்க வேண்டும், அந்தத் தண்டத்தாலேயே கணக்கு மைனஸில் போய்விடக் கூடாது என்று சொன்னீர்கள். 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கார்டு வழியாகவும் யுபிஐ வழியாகவும் தானாகப் போகும் பணத்துக்கு, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போக வேண்டும் என்று சொன்னீர்கள். 2021 அக்டோபர் 1 முதல் அதை அமல்படுத்தினீர்கள். கடன் கணக்குத் தண்டம் பற்றி 2023 ஆகஸ்ட் 18 அன்று எழுதியபோது, தண்டம் நியாயமானதாக, தவறின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அதை வருமானம் பெருக்கும் கருவியாக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னீர்கள்.

இந்த மூன்றும் நாச் டெபிட் திரும்பும்போது சேமிப்புக் கணக்கில் விழும் தண்டத்துக்குப் பொருந்துவதில்லை. சினிமா பார்க்கும் செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறவருக்கு 24 மணி நேரம் முன்பே செய்தி வருகிறது. வண்டிக் கடனும் மகளிர் குழுக் கடனும் கட்டுகிறவருக்கு அந்த உரிமை இல்லை. யாருக்கு எட்டு ரூபாய் குறைவது பெரிய விஷயமோ அவர்கள்தான் இந்த ஓட்டை வழியாக விழுகிறார்கள்.

தேதி விஷயமும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் இயங்குகிறது. அதற்கு முன் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமைதான் டியூ எடுப்பார்கள். இப்போது ஞாயிறு காலையிலேயே எடுக்க வருகிறது. சம்பளமும் பென்ஷனும் விடுமுறை நாளிலேயே கணக்கில் ஏறட்டும் என்று செய்த நல்ல மாற்றம் அது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கூலிக் கவர் கைக்கு வருவது சனி ராத்திரி. ஞாயிறன்று வங்கி இல்லை, மெஷினில்தான் போட வேண்டும், மெஷின் முன்னால் பெரிய வரிசை இருக்கும். நோட்டைத் துப்பும், ரொக்கம் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடும். இவர் வரிசையில் நிற்கும்போதே அங்கே டியூ திரும்பி, தண்டமும் பதிவாகியிருக்கும். பணம் கையில் இருக்கிறது, கட்டும் மனசும் இருக்கிறது, சில மணி நேரம்தான் இல்லை. அன்று சாயங்காலம் இன்னொரு முறை இருப்பைப் பார்த்திருந்தால் முழுத் தவணையும் போயிருக்கும். ஃபைனான்ஸ்காரருக்கும் அதுதானே லாபம்?

மே கடைசியில் இன்னொரு கூட்டம் வரும். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா காப்பீட்டுக்கு 20 ரூபாய், ஆண்டுக்கொரு முறை அந்த வாரத்தில்தான் எடுப்பார்கள். இரண்டும் நல்ல திட்டங்கள், தலா 2 லட்சம் பாதுகாப்பு. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை போகும் பணத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? டியூவுக்கென்று வைத்ததிலிருந்து 456 போய்விடும், ஜூன் 5ஆம் தேதி டியூ திரும்பும். இல்லையென்றால் நேர் எதிராக நடக்கும். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாமல் பிரீமியம் போகாது, காப்பீடு சத்தமில்லாமல் நின்றுவிடும். கார்டு ஒன்று இருக்கிறது, பழைய ரசீது ஒன்று இருக்கிறது, காப்பீடு இருப்பதாகவே அந்தக் குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்தபிறகு பாஸ்புக்கைப் புரட்டி, "இந்த வருஷம் பிரீமியம் போகலைங்களே" என்று சொல்லும் நிலைமை எனக்கு வந்திருக்கிறது. கணவரை இழந்து நிற்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது லேசான காரியமில்லை. முன்கூட்டி இருப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 436 ரூபாயைக் கடன் வாங்கியாவது போட்டிருப்பார்கள்.

கணக்கில் ஒன்றுமே இல்லாதபோது தண்டத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது அது பாக்கியாக நிற்கும். அடுத்து எந்தப் பணம் வந்தாலும் முதலில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நூறு நாள் வேலைக் கூலியோ, கேஸ் மானியமோ, முதியோர் உதவித்தொகையோ, எது வந்தாலும் சரி. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாகக் கணக்கில் ஏறியபோது, சில வங்கிகள் அதையே பழைய கட்டணங்களுக்குப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. ஒரு மாநில அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு விஷயம் போனபிறகும், அரசு உதவித்தொகையில் கை வைக்கக் கூடாது என்ற பொதுவான விதி ஒன்று உங்களிடமிருந்து வரவேண்டாமா?

கடன் வாங்கினால் தேதி தவறாமல் கட்ட வேண்டும், தண்டம் இருந்தால்தான் ஒழுங்கு வரும் என்று வங்கித் தரப்பில் சொல்வார்கள். முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். கணக்கு எழுதுகிறவளுக்குத் தேதியின் மதிப்பு தெரியும். தாமதம் ஆனால் கடன் கொடுத்தவர் அதற்கு ஒரு தொகை கேட்பதிலும் நியாயம் உண்டு, அவர் பணம் அவருக்கு நேரத்துக்கு வரவில்லை. ஆனால் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு இதில் என்ன நஷ்டம்? அது கடன் கொடுக்கவில்லை. அதன் பணம் எதுவும் நிற்கவில்லை. அப்புறம், ஒழுங்கு கற்பிக்கும் தண்டம் என்றால் தண்டிக்கப்படுகிறவருக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும், திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் 7 ரூபாய் 70 காசு இல்லாமலா இருந்தது? அன்றைக்குச் சாயங்காலம் கேட்டிருந்தால் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். முதல் தண்டமே 7 ரூபாய் 70 காசுப் பற்றாக்குறையை 302 ரூபாய் 70 காசாக்கியது என்பதையும் பாருங்கள். 295 எடுக்காமல் இருந்திருந்தால், ஒரு பத்து ரூபாய் போட்டதுமே கணக்கு நேராகியிருக்கும். கடன் கட்டுவதை இன்னும் கடினமாக்கியது தண்டம்தான்.

இது வெறும் பண விஷயமாகவும் நிற்பதில்லை. செக் திரும்பினால் கேஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். எலெக்ட்ரானிக் டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் குற்றம்தான் என்று 2007ஆம் ஆண்டின் பணப் பரிமாற்ற மற்றும் தீர்வு முறைகள் சட்டம், பிரிவு 25 சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் தொழிலாளிகள் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது, வக்கீல் நோட்டீஸ் வந்தபிறகுதான் தெரிகிறது. வண்டி ஷோரூமில் நின்றுகொண்டே போனில் வந்த ஓடிபியைச் சொல்லியிருப்பார்கள், மேன்டேட் பதிவாகிவிட்டது. அதில் இப்படி ஒரு பொறுப்பு இருக்கிறது என்று அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடன் விவரங்களை 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் ஆக்கினீர்கள். தாமதம் இவ்வளவு சீக்கிரம் ஒருவர் பெயரில் பதிவாகும் என்றால், அதைத் தவிர்க்கும் எச்சரிக்கையும் அவ்வளவு சீக்கிரம் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று சொல்லிவிடாதீர்கள். 2021 நவம்பர் 12 அன்று நீங்கள் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும், 14448 என்ற எண்ணை எங்கள் யூனிட் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், ஒரு ஷிப்ட் விட்டுவிட்டுக் கிளைக்குப் போக வேண்டும். அதற்குமேல், வங்கியின் வணிக முடிவு சார்ந்த விஷயங்களை அந்தத் திட்டமே வெளியில் வைத்திருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்பது வங்கியின் வணிக முடிவு. அங்கே கேட்டு என்ன கிடைக்கும்? தனித்தனிப் புகாராக இதைத் தீர்க்க முடியாது. ஒரு சுற்றறிக்கைதான் வேண்டும்.

அந்தச் சுற்றறிக்கையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பவை இவை.

நாச் டெபிட் எதுவானாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, கணக்கு வைத்திருக்கும் வங்கி மேன்டேட் தொகையையும் இருப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று ரூபாயில் சொல்லி, வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் செய்தி அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பாக. இதற்குத் தனிக் கட்டணம் கூடாது. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஒரு நாள் போதாது, ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும்.

எடுக்கும் நாளன்று காலையில் பணம் இல்லையென்றால் உடனே திருப்ப வேண்டாம். அன்று சாயங்காலம் வரை நிறுத்திவைத்து மறுபடி இருப்பைப் பார்த்து, அப்போதும் இல்லையென்றால் திருப்பட்டும். என்பிசிஐயின் தீர்வு நேரங்களில் மாற்றம் தேவைப்பட்டால் அவர்களை அழைத்துப் பேசுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் எந்த நேரத்தில் எடுக்கலாம், எத்தனை முறை முயலலாம் என்று 2025 ஆகஸ்டில் அவர்கள் வரையறை செய்தார்களே, நாச் முறையிலும் அப்படி யோசிக்க முடியும். தேதி ஞாயிற்றுக்கிழமையோ வங்கி விடுமுறையோ ஆனால், பணம் போட அடுத்த வேலைநாள் முடியும்வரை தண்டமில்லாத அவகாசம் வேண்டும். தவணைத் தேதியைக் கூலி வரும் நாளுக்கேற்ப மாற்றித் தரச் சொல்லும் உரிமையும் கடன் வாங்கியவருக்கு வேண்டும்.

முன்னறிவிப்பு அனுப்பாத வங்கி தண்டம் போடக் கூடாது. அனுப்பியிருந்தாலும், ஒரு தவணைக்கு ஒரு தண்டம்தான். அதே டியூவை எத்தனை முறை அனுப்பினாலும் சரி. அந்தத் தண்டம் குறைந்த தொகையைவிட ஒருபோதும் கூடக் கூடாது. 7 ரூபாய் 70 காசு குறைந்தால் தண்டமும் அதற்குள்தான் இருக்க வேண்டும். உச்சவரம்பை ஒவ்வொரு வங்கியும் தன் விருப்பத்துக்கு வைக்காமல் நீங்களே சொல்லுங்கள். குறுஞ்செய்தி, டெபிட் கார்டு என்று வங்கி தனக்கு எடுக்கும் எந்தக் கட்டணமும், அடுத்துவரும் டியூவுக்குப் பணம் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கப்பட வேண்டும். அந்தக் கட்டணத்தாலேயே டியூ திரும்பினால் அதன் முழுப் பொறுப்பும் வங்கியுடையது, ஃபைனான்ஸ் நிறுவனம் ஏற்றும் பவுன்ஸ் சார்ஜ் உட்பட.

அரசு தரும் உதவித்தொகை, ஓய்வூதியம், நூறு நாள் வேலைக் கூலி ஆகியவற்றிலிருந்து வங்கித் தண்டத்தைப் பிடிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் பொருந்தும்படி உத்தரவிடுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்தன என்பது 2024இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அது தெரிந்தபிறகு பேச்சு எழுந்தது, 2025இல் பல பொதுத்துறை வங்கிகள் அந்தத் தண்டத்தையே கைவிட்டன. திரும்பும் நாச் டெபிட்டுகளின் எண்ணிக்கையை என்பிசிஐ மாதா மாதம் வெளியிடுகிறது. அவற்றின் பேரில் ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு பணம் வசூலித்தது, அதில் சேமிப்புக் கணக்குகளிலிருந்து எவ்வளவு என்பதையும் வங்கி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வையுங்கள்.

புதிய விதி கொண்டுவரும்போது முதலில் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது உங்கள் வழக்கம். இதற்கும் அப்படி ஒரு வரைவு வெளியிடுங்கள். அதைத் தமிழிலும் வெளியிடுங்கள், கருத்தைத் தமிழில் எழுதி அனுப்பவும் இடம் கொடுங்கள். எங்கள் யூனிட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் பனியன் யூனிட் ஒன்றில் கணக்கு எழுதும் ஒருத்தி